சாக் கணக்கில் வராத ஆட்டம்: ஆரோன் டொனால்டின் பத்து ஆண்டுகளை எப்படிப் புரிந்துகொள்வது?

2024 மார்ச் 15 அன்று ஆரோன் டொனால்ட் ஓய்வு அறிவித்தார். அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்-லில், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் தடுப்பு வீரர் அவர். வயது 32. அதற்கு இரண்டே மாதம் முன்புதான், லீகின் ஒவ்வோர் இடத்துக்கும் அந்தப் பருவத்தின் சிறந்த வீரரைத் தேர்ந்தெடுக்கும் ஆல்-ப்ரோ முதல் அணியில் எட்டாவது முறையாக இடம்பிடித்திருந்தார். இன்னும் ஓர் ஆண்டு ஆடியிருந்தால் சுமார் 3 கோடி டாலர் கையில் வந்திருக்கும்.

செய்தியைப் படித்த பலருக்கு வந்த கேள்வி வேறு. இவர் என்ன சாதித்தார் என்று தேடிப் பார்த்தால் கிடைக்கும் முதல் எண் 111 சாக், அதாவது எதிரணியில் பந்தை எறிபவரை அவர் எறியும் முன்பே வீழ்த்திய கணக்கு. ஆடியது 154 ஆட்டங்கள். ஓர் ஆட்டத்துக்கு ஒன்றுகூட வரவில்லையே, இவரையா இந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த தடுப்பு வீரர் என்கிறார்கள்?

நியாயமான கேள்விதான். அந்த விளையாட்டில் தடுப்பு வீரரின் வேலையில் பெரும்பகுதி எந்தப் பட்டியலிலும் ஏறாது. எதிரணி தன் திட்டத்தை அவருக்காக எவ்வளவு மாற்றிக்கொண்டது என்பதுதான் அவருடைய உண்மையான அளவு. டொனால்டின் வாழ்க்கையை அந்தக் கண்ணோடு பார்த்தால், சம்பளமும் விருதும் ஓய்வும் எல்லாம் விளங்கிவிடும்.

முதலில் ஆட்டம் எப்படி நடக்கிறது

களம் 100 யார்டு நீளம். ஒரு பக்கம் 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். ஒவ்வொன்றுக்கும் டவுன் என்று பெயர். அந்த நான்குக்குள் 10 யார்டு முன்னேறினால் புதிதாக நான்கு வாய்ப்பு கிடைக்கும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

பந்து வைத்திருக்கும் அணியின் மூளை குவார்ட்டர்பேக். பந்து அவர் கைக்கு வந்ததும் சில அடி பின்வாங்கி, ஓடிக்கொண்டிருக்கும் தன் ஆட்களில் யார் தனியாக நிற்கிறார் என்று பார்த்து எறிய வேண்டும். இதற்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டரை, மூன்று விநாடி. அந்த நேரத்தை வாங்கித் தருவதற்காகவே அவருக்கு முன்னால் ஐந்து தடியர்கள் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இருபக்கமும் கார்டு, இரு கோடிகளிலும் டேக்கிள்.

பந்தை எறிவதற்கு முன்பே குவார்ட்டர்பேக்கை, ஆட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னால் மடக்கி வீழ்த்தினால் அது சாக். இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை. 20.5 சாக் என்று அரைக் கணக்கு வருவது இதனால்தான். தனிநபர் கணக்கில் லீக் இதை அதிகாரபூர்வமாகச் சேர்த்ததே 1982-இல்தான்.

இந்த இடத்தில் ஒரு சொல் புதியவர்களைக் குழப்பும். டேக்கிள் என்பது மூன்று வேறு விஷயங்களுக்குப் பெயர். பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்தும் செயலும் டேக்கிள். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் வரிசையின் கோடியில் நிற்பவரும் டேக்கிள். அந்த வரிசைக்கு எதிரே, தடுப்பு அணியின் நடுப்பகுதியில் நிற்பவரும் டேக்கிள். டொனால்ட் மூன்றாவது வகை. டிஃபென்சிவ் டேக்கிள். கட்டுரை முழுவதும் அவரை 'நடுவில் நிற்பவர்' என்றே சொல்கிறேன், குழப்பம் வேண்டாம்.

நடுவில் நிற்பவர் ஏன் சாக் எடுப்பதில்லை

சாக் பட்டியலில் மேலே இருப்பவர்கள் அநேகமாக எல்லோருமே வரிசையின் கோடியிலிருந்து வளைந்து ஓடி வருபவர்கள். அவர்களுக்கு எதிரே பெரும்பாலும் ஒரே ஒருவர்தான். ஓட இடமும் இருக்கிறது. நடுவில் நிற்பவரின் நிலைமை வேறு:

1. அவருக்கு எதிரே ஒரு கார்டு. பக்கத்திலேயே ஒரு சென்டர். இருவரும் சேர்ந்து அவரை அழுத்துவது மிக எளிது. இதை டபுள் டீம் என்கிறார்கள்.

2. ஓடி வேகம் எடுக்க இடம் இல்லை. எதிராளி ஒரு கை தூரத்தில் இருக்கிறார். பந்து நகர்ந்த அதே நொடியில் கையும் காலும் ஒன்றாக வேலை செய்தாக வேண்டும்.

3. எதிரணி பந்தை எறியாமல் தூக்கிக்கொண்டு ஓடவும் செய்யும். அப்போது நடுவழியை அடைப்பது அவர் பொறுப்பு. எந்நேரமும் குவார்ட்டர்பேக் மேலேயே கண் வைத்திருக்க முடியாது.

ஆனால் நடுவிலிருந்து ஒருவர் உடைத்துக்கொண்டு வந்துவிட்டால் விளைவு கோடியிலிருந்து வருவதைவிடக் கொடியது. கோடியிலிருந்து ஆள் வந்தால் குவார்ட்டர்பேக் இரண்டடி முன்னால் நகர்ந்து தப்பலாம். வருபவர் அவருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போய்விடுவார். நடுவிலிருந்து வந்தால் முன்னால் நகர வழியே இல்லை. கண்ணெதிரே ஒரு மலை வருகிறது. பார்வை மறைகிறது, எறியும்போது காலை ஊன்ற இடமில்லை. பந்து கையை விட்டுப் போனாலும் போகவேண்டிய இடத்துக்குப் போவதில்லை.

அதனால் ஒரு பருவத்தில் 7, 8 சாக் எடுக்கும் நடு வீரரே அணிக்குப் பெரிய சொத்து. டொனால்டுக்கு முன்பு ஒரு நடு வீரரின் ஒரு பருவ உச்சம் 18. 1989-இல் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியின் கீத் மில்லார்ட் எடுத்தது. 29 ஆண்டு அதை யாரும் தொடவில்லை.

12 அணிகள் ஏன் கடந்து போயின

டொனால்ட் பிறந்தது 1991, பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்கில். நகரை ஒட்டிய பென் ஹில்ஸ் பள்ளியில் படித்தார். அப்பா ஆர்ச்சி வீட்டின் நிலவறையில் எடைப் பயிற்சிக்கூடம் ஒன்றை அமைத்து, பள்ளிச் சிறுவனான மகனை விடியற்காலை நாலரை மணிக்கு எழுப்பித் தன்னோடு பயிற்சி செய்ய வைத்தார். பள்ளிக்குப் போகும் முன்பே ஒரு நாள் வேலை முடிந்திருக்கும்.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டான 2013-இல் 11 சாக். அந்தச் சாக்குகளையும் சேர்த்து, பந்து வைத்திருந்த எதிரணியினரைத் தொடக்கக் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கிய கணக்கு 28.5. கல்லூரி வீரர்களுக்கான பெரிய விருதுகளான அவுட்லேண்ட், நகுர்ஸ்கி, பெட்னாரிக், லொம்பார்டி நான்கையும் அதே ஆண்டு அள்ளினார்.

இருந்தும் 2014 மே மாதம் நடந்த வீரர் தேர்வில், அதாவது டிராஃப்டில், அவர் பெயர் 13-ஆவதாகத்தான் வந்தது. எடுத்தது அப்போது செயின்ட் லூயிஸில் இருந்த ராம்ஸ். அவர்களே இரண்டாவது தேர்வாக வேறொருவரை எடுத்துவிட்டு, தங்கள் அடுத்த முறை வந்தபோதுதான் இவரை எடுத்தார்கள்.

காரணம் உடல் அளவு. 6 அடி 1 அங்குலம், 285 பவுண்டு. அதாவது சுமார் 129 கிலோ. நமக்கு அது மலைபோல் தெரியும். அந்த இடத்தில் ஆடுபவர்களில் அது சிறிய உடம்பு. 140, 150 கிலோ ஆட்கள் இருவர் சேர்ந்து தள்ளினால் தாங்குவாரா என்ற சந்தேகம்.

அதே உடம்பைச் சோதனை முகாமில் அளந்தபோது 40 யார்டை 4.68 விநாடியில் ஓடியிருந்தார். 102 கிலோ பாரத்தை நிறுத்தாமல் 35 முறை தூக்கியிருந்தார். இந்த இரண்டு எண்ணும் ஒரே உடம்பில் சேர்வது அபூர்வம். குறையாகப் பார்க்கப்பட்ட உயரமே அவருக்குச் சாதகமாகிவிட்டது என்பது என் கருத்து. தள்ளுமுள்ளில் யார் தாழ்வாக நிற்கிறாரோ அவர் பிடிதான் ஓங்கும். 6 அடி 5 அங்குலம் இருக்கும் கார்ட், டொனால்டின் மார்புக்குக் கை கொண்டுபோக இடுப்பை மடக்க வேண்டியிருந்தது. டொனால்டுக்கு அது இயல்பான நிலை.

அப்புறம் கை. கத்தியை நீட்டும் பயிற்சியாளரின் கைகளை மாறிமாறித் தட்டிவிட்டுப் பழகும் அவருடைய வீடியோ ஒன்று பரவலாகப் பேசப்பட்டது. பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் அதற்குள் இருப்பது அந்த இடத்தின் முழுக் கலை. எதிராளி முதலில் செய்வது இரண்டு கையையும் நீட்டி மார்பைப் பிடிப்பது. பிடி விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. விழும் முன் மணிக்கட்டில் ஒரு வெட்டு, முழங்கைக்கு மேல் ஒரு தள்ளு, இடுப்பைத் திருப்பி அந்த இடைவெளியில் தோளை நுழைப்பது. எல்லாம் சேர்த்து ஒரு விநாடிகூட ஆகாது.

2018: எல்லாம் கூடிவந்த பருவம்

முதல் ஆண்டிலேயே 9 சாக், சிறந்த புதுமுகத் தடுப்பு வீரர் விருது. அணி 2016-இல் லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம்பெயர்ந்தது. 2017-இல் 14 ஆட்டங்களே ஆடி 11 சாக் எடுத்தபோது, லீகின் சிறந்த தடுப்பு வீரர் விருது முதல் முறையாகக் கிடைத்தது.

2018-இல் 20.5. மில்லார்டின் 18 என்ற எல்லை உடைந்தது. கோடியிலிருந்து வருபவர்கள் எல்லோரையும் தாண்டி, அந்தப் பருவம் லீகிலேயே முதலிடம். அக்டோபர் 21 அன்று சான் பிரான்சிஸ்கோ 49-ஏர்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு. இதெல்லாம் எதிரணிகள் அவர் ஒருவருக்காகவே வாரம் முழுக்கத் திட்டம் தீட்டிய பிறகு நடந்தவை. விருது மறுபடியும் அவருக்கே. 2020-இல் மூன்றாவது முறை. மூன்று முறை அதை வாங்கியவர்கள் அவருக்கு முன் இருவர்தான்: லாரன்ஸ் டெய்லர், ஜே.ஜே. வாட்.

ஆனால் 2018 பருவத்தின் இறுதியான சூப்பர் போலில், 2019 பிப்ரவரி 3 அன்று, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸிடம் ராம்ஸ் 13-3 என்று தோற்றது. டொனால்டுக்குச் சாக் ஒன்றுகூட இல்லை. நடுவில் இருவராக நின்று அவரை அடைத்து, பந்தையும் சீக்கிரம் கைவிட்டு எறிந்துவிட்டார்கள். அவருக்காக இருவரைச் செலவழித்தால் மற்ற தடுப்பாளர்களுக்கு எதிரே ஆள் குறைகிறது; அதைத் தன் கூட்டாளிகள் பயன்படுத்தினால்தான் அவருடைய மதிப்பு முழுதாகத் திரும்பக் கிடைக்கும். அந்த இரவு தடுப்பு அணி தன் வேலையைச் செய்தது. விட்டது 13 புள்ளிதான். ராம்ஸின் தாக்குதல் அணிக்கோ 3 புள்ளிதான் வந்தது.

கணக்கில் ஏறாத இரண்டு கணங்கள்

நான் சொல்ல வந்ததற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

முதல் கணம், 2022 ஜனவரி 30. சூப்பர் போலுக்கு முந்தைய ஆட்டம், எதிரே 49-ஏர்ஸ். ராம்ஸ் 20-17 என்று முன்னிலையில். நேரம் ஒன்றேகால் நிமிடத்துக்கும் குறைவு. டொனால்ட் உடைத்துக்கொண்டு வந்து குவார்ட்டர்பேக் ஜிம்மி கராப்போலோவின் சட்டையைப் பிடித்துச் சுழற்றினார். விழப்போகிற நிலையில் அவர் பந்தை எப்படியோ வீசினார். அது குறி தவறி எகிற, ராம்ஸின் டிராவின் ஹவர்ட் பிடித்துக்கொண்டார். ஆட்டம் முடிந்தது. பந்தைப் பறித்த கணக்கு ஹவர்டின் பெயரில். டொனால்டுக்குச் சாக் கிடையாது, ஏனென்றால் பந்து கையை விட்டுப் போய்விட்டது.

இரண்டாவது கணம், பிப்ரவரி 13. தங்கள் சொந்த மைதானமான சோஃபை ஸ்டேடியத்திலேயே சூப்பர் போல். சின்சினாட்டி பெங்கால்ஸ் 23-20 என்று பின்தங்கி, ராம்ஸின் 49 யார்டு கோடுவரை வந்துவிட்டது. மூன்றாவது டவுன், தேவை ஒரே ஒரு யார்டு. பெங்கால்ஸ் பந்தைத் தூக்கிக்கொண்டு நடுவழியாக ஓடப் பார்த்தது. டொனால்ட் ஓட்டக்காரரைப் பிடித்து நின்ற இடத்திலேயே நிறுத்தினார். இன்னும் அதே ஒரு யார்டு. நான்காவது டவுன், கடைசி வாய்ப்பு.

இந்த முறை எறிய முடிவு செய்தார்கள். பந்து நகர்ந்ததும் டொனால்ட் எதிரே இருந்த கார்டைப் பக்கவாட்டில் தள்ளித் தாண்டிவிட்டார். ஜோ பரோ தலை நிமிர்ந்து பார்ப்பதற்குள் இரண்டு கையும் அவர் இடுப்பில். அப்படியே ஒரு சுற்று சுற்றினார். பரோ தரையில் விழுந்துகொண்டே பந்தைத் தள்ளிவிட்டார்; யாரும் பிடிக்கவில்லை. மீதி நேரம் 39 விநாடி. டொனால்ட் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு மோதிர விரலைச் சுட்டிக் காட்டியபடி ஓடினார். சாம்பியன்களுக்குக் கிடைக்கும் அந்த மோதிரம் எட்டு ஆண்டு கழித்து வந்தது.

அந்த ஆட்டத்தில் அவருக்கு இரண்டு சாக் உண்டு. ஆனால் கோப்பையைத் தந்த அந்தக் கடைசித் தாக்குதல் அந்த இரண்டில் ஒன்று இல்லை. பதிவேட்டில் அது வெறும் 'பிடிபடாத பந்து'.

சம்பளம் எப்படி அங்கே போய் நின்றது

டிராஃப்டில் முதல் சுற்றில் எடுக்கப்பட்டவருக்கு முதல் நான்கு ஆண்டு சம்பளம் ஏறக்குறைய முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டது. ஐந்தாவது ஆண்டையும் அணி தன் விருப்பப்படி சேர்த்துக்கொள்ளலாம். எவ்வளவு நன்றாக ஆடினாலும் அந்த ஐந்து ஆண்டும் வீரரின் கை தாழ்ந்தே இருக்கும். அவரிடம் இருக்கும் ஒரே ஆயுதம் பயிற்சி முகாமுக்குப் போகாமல் இருப்பது. இதை ஹோல்டவுட் என்பார்கள். டொனால்ட் 2017-இல் முகாம் முழுவதும் போகவில்லை, முதல் ஆட்டத்தையும் ஆடவில்லை. 2018-இலும் முகாமுக்குப் போகவில்லை.

இதைப் பேராசை என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒப்பந்தத்தின் உள்ளே பார்த்தால் ஏன் என்று தெரியும்:

1. இந்த லீகில் பெரும்பாலும் ஒப்பந்தத் தொகை முழுவதும் உறுதியானது கிடையாது. அடிபட்டு ஆட்டம் மங்கினால் அணி பாதியிலேயே வெட்டிவிடலாம். உறுதி என்று எழுதப்பட்ட பகுதி மட்டுமே வீரரின் பணம்.

2. டொனால்ட் 2018 ஆகஸ்ட் 31 அன்று கையெழுத்திட்டது ஆறு ஆண்டுக்கு 13.5 கோடி டாலர். அதில் உறுதி 8.7 கோடி. அன்றைக்கு எந்தத் தடுப்பு வீரரும் காணாத தொகை. மறுநாளே சிகாகோ பேர்ஸ் அணி கலீல் மேக்குக்கு 14.1 கோடி கொடுத்து அதைத் தாண்டிவிட்டது. சந்தை விலை அப்படித்தான் நகரும். யார் கடைசியில் கையெழுத்திடுகிறாரோ அவர் மேலே.

3. ஓர் அணி ஓர் ஆண்டில் மொத்தம் இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. 2018-இல் அது 17.72 கோடி டாலர். 53 பேருக்கும் சேர்த்து. ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால் இன்னொருவருக்குக் கிள்ளித்தான் கொடுக்க முடியும்.

4. அந்த வரம்பைச் சமாளிக்க அணிகள் கையெழுத்துப் போனஸைப் பயன்படுத்துகின்றன. டொனால்டின் போனஸ் 4 கோடி. பணம் வீரருக்குச் சீக்கிரமே போய்விடும். வரம்புக் கணக்கில் மட்டும் ஐந்து ஆண்டுக்கு 80 லட்சம் வீதம் பிரித்து எழுதலாம். நடுவில் வீரர் விலகினால் எழுதாமல் மிச்சம் இருக்கும் பங்கு ஒன்றாகத் திரண்டு கணக்கில் விழும். ஆடாத ஆளுக்காக இடத்தை அடைக்கும் இந்தத் தொகையை 'டெட் மணி' என்பார்கள்.

2022-இல் கோப்பை வென்ற கையோடு ராம்ஸ் அவருடைய ஒப்பந்தத்தைத் திருத்தி, மூன்று ஆண்டுக்கு 9.5 கோடி என்று ஆக்கியது. குவார்ட்டர்பேக் அல்லாத வீரர்களில் அதுவே உச்சம். ஆண்டு நீட்டிக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் ஏற்கெனவே ஆட ஒப்புக்கொண்டிருந்த அதே ஆண்டுகளுக்குத்தான் அணி கூடுதலாகக் கொடுத்தது. ஓய்வைப் பற்றி அப்போதே பேச்சு இருந்தது. அவரை வைத்துக்கொள்ள அவர்கள் கொடுத்த விலை அது.

அந்தப் பருவம் கணுக்கால் காயத்தால் 11 ஆட்டத்தோடு நின்றது, 5 சாக். அவருடைய பத்து ஆண்டில் மிகக் குறைந்த எண் அதுதான். 2023-இல் திரும்பி வந்து 8. சாதாரண எண்போல் தெரிகிறது. ஆனால் வாக்களித்தவர்கள் அவரை மறுபடியும் ஆல்-ப்ரோ முதல் அணியில் வைத்தார்கள், ஏனென்றால் இருவர் அடைப்பது அப்போதும் நிற்கவில்லை. 2024 ஜனவரியில் டெட்ராய்ட் லயன்ஸிடம் 24-23 என்று தோற்ற ஆட்டமே கடைசி. பத்துப் பருவமும் லீகின் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வாகியிருந்தார். ஒரு பருவம்கூட விடுபடவில்லை.

அவர் போன பிறகு

அவர் ஓய்வு அறிவித்த அதே மாதம் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸின் நடு வீரர் கிறிஸ் ஜோன்ஸ் ஐந்து ஆண்டுக்கு 15.875 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார். ஆண்டுச் சராசரியில் டொனால்டைக் கொஞ்சம் தாண்டியது. நடுவில் நிற்பவருக்கும் இந்த விலை கொடுக்கலாம் என்ற கதவை டொனால்டின் ஒப்பந்தங்கள் திறந்திருந்தன.

ராம்ஸுக்கு விட்டுப்போன இடத்தை நிரப்ப வேண்டியிருந்தது. 2024 டிராஃப்டில் தங்கள் முதல் இரண்டு தேர்வையும் தடுப்பு வரிசைக்கே செலவழித்தார்கள். 19-ஆவதாக ஜாரெட் வெர்ஸ். 39-ஆவதாக பிரேடன் ஃபிஸ்க். இவருக்காக மேலே ஏற, அடுத்த ஆண்டின் இரண்டாம் சுற்றுத் தேர்வையும் சேர்த்து விட்டுக்கொடுத்தார்கள். இருவரும் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அணியில் ஒன்றாக ஆடியவர்கள்.

முதல் பருவத்தில் ஃபிஸ்க் எடுத்தது 8.5 சாக். வெர்ஸ் எடுத்தது 4.5. சிறந்த புதுமுகத் தடுப்பு வீரர் விருது வெர்ஸுக்குப் போனது.